இரவு 11 மணிக்கு மேல்

1969-இன் கடைசியில் மேற்கு லண்டனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் உரிமத்தில் நகராட்சி கை வைத்தது. கென்சிங்டன் – செல்சி நகராட்சி அந்தக் கடைக்குக் கொடுத்திருந்த, இரவு முழுக்கத் திறந்து வைத்திருக்கும் அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இதற்கு நடைமுறையில் என்ன அர்த்தம்? இரவு 11 மணி வரை சோறு போட்டால் அது வியாபாரம். 11 மணி 5 நிமிஷத்துக்கு அதே சோற்றை அதே தட்டில் போட்டால் அது குற்றம். அவ்வளவுதான்.

படிக்கும்போது சின்ன சங்கதி மாதிரித்தான் தெரிகிறது. எந்த ஊரில்தான் நகராட்சிக்காரர்கள் ஓட்டல்காரரைப் படுத்தாமல் இருக்கிறார்கள்? ஆனால் இந்த 11 மணிச் சண்டை இரண்டே வருஷத்தில் லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் போய் நின்றது. 55 நாள் விசாரணை நடந்தது. முடிவில், லண்டன் போலீஸுக்குள் இனவெறுப்பு இருக்கிறது என்பதை ஒரு நீதிபதி முதன்முறையாக நீதிமன்றத்தில் வாய்விட்டுச் சொன்னார்.

கடையின் பெயர் மாங்குரோவ். அலையாத்திக் காடு. உப்புத் தண்ணீரிலும் வேர்விடுகிற மரங்களின் பெயரை டிரினிடாடிலிருந்து வந்த ஒருவர் தன் கடைக்கு வைத்திருந்தார்.

லண்டனில் வேலை பார்த்த காலத்தில் எனக்கு ஒரு வாரக்கடைசிப் பழக்கம் இருந்தது. ஏதாவது ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அங்கே எந்த ஊர்க்காரர்கள் எப்போது வந்து சேர்ந்தார்கள், எங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று தேடி நடப்பது. அப்படித்தான் நாட்டிங் ஹில் போனேன். வெஸ்ட்போர்ன் பார்க் ரோட்டில் 280-ஆம் எண் கதவுக்கு முன்னால் எப்போதும் நாலைந்து பேர் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஜூலியா ராபர்ட்ஸும் ஹ்யூ கிராண்டும் நடித்த 1999-ஆம் ஆண்டுப் படத்தில் வருகிற நீலக் கதவு. நம்மில் பலருக்கு அந்தப் பகுதி என்றாலே அந்தக் கதவுதான். அதே தெருவில் 127-ஆம் எண்ணுக்கு முன்னால் நின்று யாரும் படம் எடுத்து நான் பார்த்ததில்லை. மாங்குரோவின் கதை உண்மையில் தொடங்குவது அங்கேதான். அதற்கும் முன்னால் போக வேண்டும்.

*

ஒரு சாப்பாட்டுக் கடை என்பது கரீபியத் தீவுகளிலிருந்து லண்டன் வந்தவர்களுக்கு என்னவாக இருந்தது என்று புரிய, முதலில் ஒரு கிரிக்கெட் வீரரிடம் போகலாம். லியரி கான்ஸ்டன்டைன். டிரினிடாட்காரர், மேற்கிந்தியத் தீவுகளின் முதல் பெரும் ஆல்ரவுண்டர். 1943 ஜூலையில் லார்ட்ஸ் மைதானத்தில் ஒரு ஆட்டத்துக்காக மனைவி, மகளோடு லண்டன் வந்தார். ரஸ்ஸல் சதுக்கத்தில் இருந்த இம்பீரியல் ஹோட்டலில் நாலு இரவுக்கு முன்கூட்டியே அறை எடுத்திருந்தார். போய்ச் சேர்ந்ததும் ‘ஒரு ராத்திரிதான் தங்கலாம், மறுநாள் கிளம்பிவிட வேண்டும்’ என்றார்கள். அங்கே தங்கியிருந்த வெள்ளை அமெரிக்கப் படையினர் ஆட்சேபிப்பார்கள் என்பது காரணம். கான்ஸ்டன்டைன் வழக்குப் போட்டார். 1944-இல் ஜெயித்தார். கிடைத்த நஷ்டஈடு 5 கினி.

கவனிக்க வேண்டிய விஷயம், அப்போது இனப்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் எதுவும் பிரிட்டனில் கிடையாது. விடுதிக்காரர் வந்த பயணிக்கு இடம் தர வேண்டும் என்ற பழைய பொதுச்சட்டக் கடமையை வைத்துத்தான் அவர் ஜெயித்தார். உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரருக்கே இந்த நிலை. சாதாரண ஆளுக்கு? மதுக்கடையில் ‘இங்கே உனக்குக் கிடையாது’ என்று சொன்னால் வெளியே போக வேண்டியதுதான்.

அதனால், வந்தவர்கள் தங்களுக்கான இடங்களைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். மார்கஸ் கார்வியின் முதல் மனைவி ஏமி ஆஷ்வுட் கார்வி ஜமைக்காவில் பிறந்தவர். 1930-களின் நடுவில் லண்டனில் சாப்பாட்டுக் கடை நடத்தினார். பின்னர் டிரினிடாட் பாடகர் சாம் மேனிங்கோடு சேர்ந்து கார்னபி தெருவில் ‘ஃப்ளோரன்ஸ் மில்ஸ் சோஷியல் பார்லர்’ என்ற கடையைத் திறந்தார். காலனிகளின் விடுதலை பற்றி எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்த இளைஞர்கள் அங்கே கூடினார்கள். சி.எல்.ஆர். ஜேம்ஸ் அவர்களில் ஒருவர். ஊர்ச் சாப்பாடும் ஊர் அரசியலும் ஒரே மேசையில் பரிமாறப்படுவது லண்டனில் அப்போதே தொடங்கிவிட்டது.

*

1948 ஜூன் 22-இல் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பல் டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. அதே ஆண்டு நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், காலனிகளில் பிறந்தவர்களுக்கும் பிரிட்டனில் பிறந்தவர்களுக்கும் ஒரே குடியுரிமையைக் கொடுத்தது. காகிதத்தில் எல்லாரும் சமம். வாடகைக்கு அறை தேடும்போதுதான் அந்தக் காகிதத்தின் மதிப்பு தெரிந்தது.

இன்று கோடிக்கணக்கில் விலைபோகும் நாட்டிங் ஹில் வீடுகள் அன்று இடிந்து விழும் நிலையில் இருந்தன. கறுப்பினத்தவருக்கு அறை கொடுத்த ஒருசில இடங்களில் அதுவும் ஒன்று. கொடுத்தவர்களில் பீட்டர் ராக்மேன் மாதிரியான ஆட்கள் உண்டு. ஒரே வீட்டை அறை அறையாகப் பிரித்து, அதிக வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தவர். பிற்பாடு அவர் பெயரிலிருந்து ‘ராக்மேனிஸம்’ என்ற சொல்லே ஆங்கில அகராதியில் ஏறியது. ஓர் அறைக்குள் இரண்டு மூன்று பேர். சமையல் என்றால் மாடிப்படித் திருப்பத்தில் பல குடித்தனங்களுக்குப் பொதுவாக ஓர் அடுப்பு. காசு போட்டால்தான் எரிவாயு வரும். அதிலே மீனோ மசாலாவோ வாசம் கிளம்பினால் சண்டை.

அந்த வாழ்க்கையை நாவலாக எழுதியவர் சாம் செல்வன். ‘தி லோன்லி லண்டனர்ஸ்’, 1956. ஆங்கிலத்தில் அவர் பெயரை ‘செல்வான்’ என்று உச்சரிக்கிறார்கள். டிரினிடாடின் சான் ஃபெர்னாண்டோவில் 1923-இல் பிறந்தார். அப்பா மதராஸிலிருந்து போன தமிழ்க் கிறிஸ்தவர். ஆகவே அது நம்ம செல்வன்தான். 1950-இல் லண்டன் வந்தார்.

அந்த நாவலை நான் இரண்டாவது முறை படித்தபோதுதான் அதில் எவ்வளவு பசி இருக்கிறது என்று கவனித்தேன். வேலையில்லாத குளிர்காலத்தில் கலஹாட் கென்சிங்டன் தோட்டத்தில் ஒரு புறாவைப் பிடிக்கிறான். அதைப் பார்த்துவிட்ட ஒரு சீமாட்டி கூச்சல் போடுகிறாள். அவன் ஓடிப்போய் மோசஸின் அறையில் அதைச் சமைத்துச் சாப்பிடுகிறான். இன்னொரு பக்கம் டான்டி என்கிற வயசான அம்மாள். அவள் தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் போய், ஊரில் செய்கிற மாதிரி கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்கிறாள், வெள்ளிக்கிழமை சம்பளம் வந்ததும் தருவதாக. லண்டன் கடைக்காரருக்குக் கடன் கணக்கு நோட்டைப் பழக்குகிறாள்! சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் ஒரு நகரத்தில் காலூன்றுவது என்றால் என்ன என்பதை இந்த இரண்டு இடங்களும் சொல்லிவிடுகின்றன. புறாவைப் பிடித்தவனுக்கு அந்த நகரத்தில் யாரையும் தெரியாது. நோட்டில் பெயர் ஏறியவளைக் கடைக்காரருக்குத் தெரியும்.

காபிக் கடைகள் முளைத்தது இந்த இடைவெளியில்தான். அறையில் உட்கார இடமில்லை. மதுக்கடைக்குள் விடமாட்டார்கள், விட்டாலும் அது சீக்கிரமே அடைத்துவிடும். 1956 முதல் லண்டன் போக்குவரத்து நிர்வாகம் பார்படோஸுக்கே போய் ஆள் எடுத்தது. பஸ்ஸிலும் ரயிலிலும் ஆஸ்பத்திரியிலும் ஷிஃப்ட் முடிந்து நடுராத்திரியில் வருகிறவன் எங்கே போவான்? நிலவறைகளில் அனுமதியில்லாமல் நடந்த பாட்டு – குடிக் கூட்டங்கள் உண்டு. இல்லையென்றால் விடிய விடியத் திறந்திருக்கும் ஒரு காபிக் கடை. அந்தச் சந்தையில் ராத்திரி 11 மணிக்கு மேல்தான் வியாபாரமே.

*

பிளெனிம் கிரசென்ட் 9-ஆம் எண்ணில் ‘டோட்டோபாக்ஸ்’ என்றொரு காபிக் கடை இருந்தது. 1958 ஆகஸ்ட் கடைசியில் வெள்ளையின இளைஞர் கும்பல்கள் கரீபியர்களைத் தேடித் தேடித் தாக்கத் தொடங்கின. நாட்டிங் ஹில் கலவரம் என்று வரலாறு சொல்வது அதைத்தான். ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தது. செப்டம்பர் முதல் தேதி இரவு கும்பல் அந்தக் காபிக் கடை இருந்த கட்டடத்தின் முன் திரண்டது. உள்ளே இருந்தவர்கள் தயாராக இருந்தார்கள். அவர்களில் சிலர் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் படையில் இருந்தவர்கள். மேலிருந்து பாட்டில்களும் பெட்ரோல் குண்டுகளும் பறந்தன. கும்பல் பின்வாங்கியது. சாப்பிடவும் சீட்டாடவும் கூடிய இடம் ஒரே இரவில் கோட்டையாக மாறியிருந்தது.

1959 ஜனவரி 30-இல் ‘வெஸ்ட் இண்டியன் கெசட்’ பத்திரிகையின் ஆசிரியர் கிளாடியா ஜோன்ஸ் செயின்ட் பான்கிராஸ் நகர மண்டபத்துக்குள் ஒரு கார்னிவலை நடத்தினார். கலவர வழக்குகளில் அபராதம் விதிக்கப்பட்டவர்களுக்கு உதவ அதன் மலர் விற்பனையில் ஒரு பங்கு போனது. அதே ஆண்டு மே 17-இல், கோல்போர்ன் ரோடும் சௌதம் தெருவும் சேரும் இடத்தில் ஆன்டிகுவாவிலிருந்து வந்த தச்சர் கெல்சோ காக்ரேன் குத்திக் கொல்லப்பட்டார். வயது 32. அவர் இறுதி ஊர்வலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நடந்தார்கள். அந்தக் கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவே இல்லை.

அந்த 1959-இல்தான் வெஸ்ட்போர்ன் பார்க் ரோடு 127-இல் ஃப்ராங்க் கிரிட்ச்லோ ‘எல் ரியோ’ என்ற காபிக் கடையைத் திறந்தார். 1953-இல் டிரினிடாடிலிருந்து வந்தவர். ரயில்வேயில் எரிவாயு விளக்குகளைப் பராமரிக்கும் வேலை பார்த்திருந்தார், ஒரு இசைக்குழு நடத்தியிருந்தார். எல் ரியோவில் காபி குடித்து, சூதாடி, அரட்டையடித்து இரவைக் கழிக்கலாம். கறுப்பினத்தவர் மட்டும் வந்த இடமல்ல. மேட்டுக்குடி வெள்ளையர்களும் ‘கொஞ்சம் ஆபத்தான’ ஓர் இடத்தைப் பார்க்கும் ஆசையில் வருவார்கள். பிரிட்டிஷ் அரசையே ஆட்டிய ப்ரொஃப்யூமோ விவகாரத்தின் கிறிஸ்டீன் கீலர், லக்கி கார்டன் என்கிற ஜமைக்காப் பாடகரைச் சந்தித்தது இந்தக் கடையில்தான். 1963-இல் அந்த விவகாரம் வெடித்தபோது எல் ரியோவும் பத்திரிகைகளில் அடிபட்டது. போலீஸின் கண் அங்கே பதிந்துவிட்டது.

*

சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிப் பேசிவிட்டுச் சாப்பாட்டைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை.

கரீபியத் தட்டில் எந்தப் பொருளைத் தொட்டாலும் அது ஏதோ ஒரு கப்பலில் வந்ததாக இருக்கும். ஜமைக்காவின் தேசிய உணவு ஆக்கியும் உப்பு மீனும். ஆக்கி மேற்கு ஆப்பிரிக்கப் பழம். உப்பிட்டு உலர்த்திய காட் மீனோ வட அட்லாண்டிக்கிலிருந்து வந்தது, கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு மலிவாகப் புரதம் போட. ஈரப்பலாவை 1793-இல் கேப்டன் பிளை பசிஃபிக் தீவிலிருந்து செடியாகக் கொண்டுவந்ததும் அதே கணக்கில்தான். ‘ரைஸ் அண்ட் பீஸ்’ என்பதில் பட்டாணியைத் தேடாதீர்கள். அது ராஜ்மா, இல்லாவிட்டால் பச்சைத் துவரை. தேங்காய்ப் பாலில் சோற்றோடு சேர்ந்து வேகும். கிறிஸ்துமஸுக்குக் குடிக்கிற சிவப்பு ‘சோரல்’ பானம் நம்ம புளிச்சகீரைக் குடும்பத்துச் செடியில் வருவது.

டிரினிடாட் சாப்பாட்டில் நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. அடிமை முறை ஒழிந்தபின் கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. 1845 முதல் 1917 வரை சுமார் 1,44,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாடில் இறக்கப்பட்டார்கள். பெரும்பாலும் கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்புரிப் பக்கத்து மக்கள். ஒரு சிறு பகுதி மதராஸில் ஏறியவர்கள். அவர்களோடு போன ரொட்டி அங்கே ‘ரோட்டி’ ஆனது. அரைத்த பருப்பை உள்ளே வைத்துத் தேய்த்தால் தால்பூரி. நம்ம போளி மாதிரி, இனிப்பு இல்லாமல். தட்டிக் கிழித்த பரோட்டாவுக்குப் பெயர் ‘பஸ்-அப்-ஷட்’. கிழிந்த சட்டை என்று அர்த்தம். பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

லாட்புரோக் குரோவ் பக்கம் ஒரு சின்னக் கடையில் முதல்முறை தால்பூரி வாங்கும்போது கல்லாவில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “கயானாவா, டிரினிடாடா?”

“மெட்ராஸ்” என்றேன்.

“எங்க பாட்டியோட அம்மாவும் மெட்ராஸ்தான்னு சொல்லுவாங்க. பேரு மட்டும்தான் தெரியும், ஊரு தெரியாது” என்றார். பிறகு மிளகாய்ச் சாஸ் வேணுமா என்று கேட்டார். கொஞ்சமாகப் போதும் என்றேன். சிரித்துவிட்டு நிறையவே ஊற்றினார்.

நான்கு கண்டங்களின் கதை அந்தப் பொட்டலத்தில் இருந்தது. உட்கார்ந்து சாப்பிட அங்கே சுவரோரம் மூன்று ஸ்டூல். மூன்றிலும் ஆள் இருந்தது. நான் வெளியே நின்றபடி சாப்பிட்டேன். எனக்கு அது ஒரு சிரமமே இல்லை. ஆனால் வரலாறு எதற்காக நடந்தது என்று யோசித்தால் அந்த ஸ்டூலுக்காகத்தான் என்று தோன்றியது. சோறு எப்படியாவது கிடைத்துவிடும். உட்கார்ந்து சாப்பிடத்தான் போராட வேண்டியிருந்தது.

*

1965-இல் பிரிட்டனின் முதல் இன உறவுச் சட்டம் வந்தது. ஹோட்டல், உணவகம், மதுக்கடை போன்ற பொது இடங்களில் நிறத்தின் பேரில் ஒருவரை மறுப்பது இனி தவறு. புகார்களை விசாரிக்க 1966-இல் இன உறவு வாரியம் அமைந்தது. அதன் முதல் மூன்று உறுப்பினர்களில் ஒருவர் நம்ம லியரி கான்ஸ்டன்டைன். ஹோட்டலில் இடம் மறுக்கப்பட்டவரே இப்போது நியாயம் கேட்கும் நாற்காலியில்.

1968-இல் கிரிட்ச்லோ சில நிமிட நடை தூரத்தில், ஆல் செயின்ட்ஸ் ரோடு 8-ஆம் எண்ணில் மாங்குரோவைத் திறந்தார். எல் ரியோ போல இல்லாமல் இது முறையான உணவகம். சுத்தமான மேசை விரிப்பு, கரீபியச் சாப்பாடு. பாப் மார்லி, நினா சிமோன் எல்லாம் வந்த இடம். கூடவே அக்கம்பக்கத்து ஆட்களும் வந்தார்கள். வீட்டுக்காரர் தொல்லை, போலீஸ் தொல்லை, வேலைப் பிரச்சினை எதுவானாலும் அங்கே போனால் யாராவது ஒரு வக்கீலையோ விண்ணப்பம் எழுதத் தெரிந்தவரையோ பிடித்துத் தருவார்கள். ‘தி ஹஸ்லர்’ என்ற சிறு பத்திரிகை அந்தக் கடையிலிருந்தே வந்தது. 1966-இல் ரௌன் லாஸ்லெட் முன்னெடுத்த தெருவிழா வளர்ந்து நாட்டிங் ஹில் கார்னிவல் ஆனபோது, அதன் வேலைகளும் பிறகு இங்கே நடந்தன. டான்டியின் கடன் நோட்டில் பெயர் ஏறிய மாதிரி, இங்கே ஒரு பகுதி மக்களுக்கே பெயர் இருந்தது.

1969 ஜனவரிக்கும் 1970 ஜூலைக்கும் இடையில் போலீஸ் அந்தக் கடைக்குள் 12 தடவை சோதனைக்குப் புகுந்தது. போதைப்பொருள் என்று காரணம் சொன்னார்கள். எதுவும் கிடைக்கவில்லை. சோதனை நடக்கும் கடையில் யார் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? வியாபாரம் விழுந்தது. இந்தக் காலத்தில்தான் நகராட்சி அந்த இரவு உரிமத்தையும் எடுத்தது. கிரிட்ச்லோ இன உறவு வாரியத்திடம் புகார் கொடுத்தார்.

சட்டத்தின் ஓட்டை இங்கே தெரிகிறது. ஓட்டல்காரர் ஒரு கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு மறுத்தால் கேட்க வாரியம் இருந்தது. கறுப்பினத்தவர் ஒருவர் நடத்தும் ஓட்டலைப் போலீஸ் 12 தடவை புரட்டிப்போட்டால் கேட்க ஆள் இல்லை. போலீஸின் அன்றாட நடவடிக்கைகள் இனப்பாகுபாட்டுச் சட்டத்துக்குள் முழுமையாக வந்தது 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான்.

அப்போது கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் டார்கஸ் ஹாவ். டிரினிடாட்காரர், சி.எல்.ஆர். ஜேம்ஸின் உறவினர். அதிகாரிகளிடம் மனுக் கொடுத்துக் கிழிந்தது போதும், தெருவில் இறங்கலாம் என்று கிரிட்ச்லோவிடம் சொன்னவர் அவர். 1970 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. சுமார் 150 பேர் கடை வாசலிலிருந்து கிளம்பினார்கள். அந்த வட்டாரத்துப் போலீஸ் நிலையங்கள் வழியாக ஊர்வலம் போவது திட்டம். ஊர்வலத்தில் வந்தவர்களை விடப் போலீஸ்காரர்கள் அதிகம். போர்ட்நால் ரோட்டில் கைகலப்பு. பலர் கைதானார்கள்.

கடைசியில் ஒன்பது பேர் மேல் கலகக் குற்றச்சாட்டு. ‘மாங்குரோவ் நைன்’. கீழமை நீதிபதி அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார். அரசு வழக்குத் தொடுப்பு இயக்குநர் அதை மறுபடி உயிர்ப்பித்தார். 1971 அக்டோபரில் ஓல்டு பெய்லியில் விசாரணை தொடங்கியது.

ஹாவும், பிரிட்டிஷ் பிளாக் பேந்தர்களின் தலைவரான அல்தியா ஜோன்ஸ்-லெகாயின்ட்டும் தங்கள் வழக்கைத் தாங்களே வாதாடினார்கள். அல்தியா உயிர்வேதியியல் ஆய்வு மாணவி. நடுவர் குழுவில் எல்லாரும் கறுப்பினத்தவராக இருக்க வேண்டும் என்று மாக்னா கார்ட்டாவைக் காட்டிக் கேட்டார்கள். ஒருவரை விசாரிப்பவர் அவருக்குச் சமமானவராக இருக்க வேண்டும் என்பதுதானே அந்தச் சாசனம்? நீதிபதி மறுத்தார். உடனே சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்தி ஒன்பது பேரும் ஆளுக்கு ஏழாக 63 நடுவர்களை நிராகரித்தார்கள். கடைசியில் 12 பேரில் இருவர் கறுப்பினத்தவர். கண்காணிப்பு வண்டிக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்தோம் என்று சாட்சி சொன்ன போலீஸ்காரர்களை, அந்த வண்டியின் சின்ன இடுக்கு வழியாக அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எப்படிப் பார்த்தீர்கள் என்று ஹாவ் மடக்கினார்.

டிசம்பரில் தீர்ப்பு. கலகக் குற்றச்சாட்டிலிருந்து ஒன்பது பேரும் விடுதலை. ஐந்து பேர் மேல் இருந்த எல்லாக் குற்றச்சாட்டுகளும் விழுந்தன. நாலு பேருக்குச் சிறிய குற்றங்களுக்காக நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. முடிக்கும்போதுதான் நீதிபதி எட்வர்ட் கிளார்க், இருதரப்பிலுமே இனவெறுப்பு இருந்ததற்குச் சாட்சியம் வெளிப்பட்டிருக்கிறது என்றார். ‘இருதரப்பிலும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எவ்வளவு ஜாக்கிரதையான வாக்கியம்! அதையே வாபஸ் வாங்கவைக்கப் போலீஸ் உயரதிகாரிகள் முயன்றார்கள். நடக்கவில்லை.

*

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நல்ல சினிமா. ஸ்டீவ் மெக்வீன் 2020-இல் ‘மாங்குரோவ்’ என்றே படம் எடுத்தார், அதுவும் நல்ல படம்தான். ஆனால் ஒரு கடையின் வரலாறு தீர்ப்போடு முடிவதில்லை. மறுநாள் காலையில் யாராவது வெங்காயம் உரிக்க வேண்டும்.

கிரிட்ச்லோ இன்னும் 20 வருஷம் கடையை நடத்தினார். போலீஸும் அவரை விடவில்லை. 1988-இல் மறுபடி பெரிய சோதனை, போதைப்பொருள் வழக்கு. தன் சொந்தக் கடைக்கே போகக்கூடாது என்ற நிபந்தனையில் ஜாமீன். 1989-இல் நடுவர் குழு அவரை விடுவித்தது. அவர் போலீஸ் மேல் வழக்குப் போட்டார். 1992-இல் பெருநகரப் போலீஸ் அவருக்கு 50,000 பவுண்டு கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

அதே 1992-இல் மாங்குரோவ் மூடப்பட்டது.

இந்தப் பெரிய வழக்குகளில் அவர் ஜெயித்தார். கடை பிழைக்கவில்லை. வழக்கு நடக்கும் நாட்களில் கல்லாவில் காசு விழாது. சோதனைக்குப் பயந்து வராமல் போன வாடிக்கையாளர் தீர்ப்பைப் படித்துவிட்டுத் திரும்பி வரமாட்டார். இதற்கிடையே தெருவின் வாடகை ஏறிக்கொண்டே போயிற்று. 60-களில் கறுப்பினத்தவர் மட்டும்தான் குடியிருப்பார்கள் என்று கழித்துக்கட்டப்பட்ட வீடுகளை வசதியானவர்கள் வாங்கத் தொடங்கினார்கள். அந்த மாற்றம் முழுமையடைந்த சமயத்தில்தான் நீலக் கதவுப் படம் வந்தது. அந்தப் பகுதியின் பெயரைத் தலைப்பாக வைத்த படத்தில் அந்தப் பகுதியின் கறுப்பின மக்களைத் தேடத்தான் வேண்டும் என்று அப்போதே விமர்சனம் எழுந்தது.

கிரிட்ச்லோ 2010-இல் காலமானார். ஆல் செயின்ட்ஸ் ரோடு 8-இல் அவர் பெயரில் ஒரு நீலப் பலகை இருக்கிறது. ஆகஸ்ட் கடைசி வாரக்கடைசியில் கார்னிவல் நடக்கும்போது லட்சக்கணக்கான பேர் அந்தத் தெருக்களில் வறுத்த கோழியும் மக்காச்சோளமும் சாப்பிடுகிறார்கள். இரண்டு நாள், நின்றுகொண்டே. அதுவும் ஒரு வகையில் வெற்றிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ‘எங்க பாட்டி மெட்ராஸ்’ என்ற அம்மாவின் ரோட்டிக்கு இன்று லண்டன் முழுக்க ரசிகர்கள். அந்தச் சாப்பாட்டின் வாசம் பிடிக்காமல் கதவைச் சாத்திய நகரம் அதே வாசத்துக்காக வரிசையில் நிற்கிறது. ஆனால் சாப்பாடு பிடிப்பது வேறு, சமைத்தவர் ராத்திரி 11 மணிக்கு மேலும் தன் கடையில் தன் ஆட்களோடு உட்கார்ந்திருப்பது பிடிப்பது வேறு. மாங்குரோவ் கேட்டது இரண்டாவதை.

லண்டன் போனால் நீலக் கதவுக்கு முன்னால் தாராளமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அப்படியே அந்தத் தெருவில் 127 வரை நடந்து, பிறகு ஆல் செயின்ட்ஸ் ரோட்டுக்குத் திரும்பி அந்தப் பலகையையும் பாருங்கள். அங்கிருந்து கோல்போர்ன் ரோடு தூரமில்லை, காக்ரேன் விழுந்த முக்கு அங்கேதான். பசித்தால் போகிற வழியில் ஒரு ரோட்டி வாங்கிக்கொள்ளலாம். உட்கார இடம் இருக்கிற கடையாகப் பாருங்கள்.